எழுதாத மொய்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் மொய் விருந்துக் காலம். மற்ற ஊர்களில் அந்த மாதம் மண்டபங்கள் ஓய்ந்து கிடக்கும். கல்யாணம் இல்லை. இங்கே பந்தல் போட்டுக் கிடா வெட்டுகிறார்கள். வீட்டில் விசேஷம் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிறது, முறை வந்திருக்கிறது. பத்திரிகை அடித்து உறவையும் ஊரையும் அழைக்கிறார்கள். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. சாப்பாட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே இருக்கும். வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எந்தெந்த மேசையில் தனக்கு நடை, அதாவது கொடுக்கல் வாங்கல், இருக்கிறதோ அங்கெல்லாம் நின்று எழுதிவிட்டுப் போவார்.

அந்த நடையின் கணக்கை நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஒருவர் ஐயாயிரம் எழுதியிருக்கிறார். அவர் முறை வரும்போது நான் அந்த ஐயாயிரத்தோடு மேலே இரண்டாயிரமோ மூவாயிரமோ வைக்கிறேன். அந்த மேல்பணம் இனி அவர் எனக்குத் தர வேண்டியது. அவர் திருப்பும்போது அவரும் மேலே வைப்பார். இருவரில் யாரோ ஒருவர் எப்போதும் மற்றவருக்குக் கடன்பட்டவராகவே இருக்கிறார். வாங்கியதை அப்படியே, ஒரு ரூபாய் கூட்டாமல் திருப்பிக் கொடுத்தால் நடையை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். வங்கியில் கடன் தீர்ந்தால் சந்தோஷம். இங்கே கணக்கு நேரானால் மனத்தாங்கல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதித் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. புதிதாக வைத்த கன்று காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். தேங்காய்ப் பணத்தை நம்பி மொய் வாங்கியிருந்த குடும்பங்கள் என்ன செய்யும்? மூச்சு விடுவதற்குள் 2020 வந்தது, ஊரடங்கு வந்தது. நாலு பேர் கூடுவதற்கே தடை. அடமானம் இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை, நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப் பத்திரம் இல்லை. ஆனாலும் தடை நீங்கியதும் பந்தல்கள் மறுபடி எழுந்தன, நோட்டுகள் மறுபடி விரிந்தன. இத்தனை பெரிய பணம் இத்தனை ஆண்டுகள் வெறும் முகத்தை நம்பிப் புழங்குவதை நினைக்கும்போது எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை வருகிறது. பயமும் கொஞ்சம் வருகிறது. முகத்தை நம்பிப் பணம் தருகிற இடத்தில் முகம் போனால் எல்லாம் போயிற்று.

*

எங்கள் ஊர் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் மொய் விருந்து என்று தனியாக நடத்தியதில்லை. விசேஷ வீட்டுச் செய்முறைதான். அந்த நோட்டுகள் அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்தன. நீளவாக்கில் மடங்கிய கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் காய்ந்த தடம், பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் மொய் தனி வரியாக. பிறகு வந்த வரிசையில் ஆட்கள்: ஊர்ப் பெயர், தகப்பனார் எழுத்து, பெயர், தொகை. 11, 25, 51. நடுநடுவே ‘பித்தளைக் குடம் ஒன்று’, ‘எவர்சில்வர் தூக்கு ஒன்று’. சில வரிகளின் ஓரத்தில் சிவப்பு மையில் சின்னக் கோடு. அந்த ஆளுக்குத் திருப்பிச் செய்தாகிவிட்டது. அப்பா ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போவார். சட்டைப்பைக்குள் என்ன வைக்க வேண்டும் என்பதை அந்த விரல் கண்டுபிடிக்கும்.

அந்த நோட்டில் அத்தையைத் தேடினேன். அப்பாவின் அக்கா. என் காதுகுத்துக்குக் கோழி வளர்த்து முட்டை விற்ற காசில் தோடு வாங்கி வந்தவர். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அது அத்தை காசு. நோட்டில் மாமா பெயர் இருக்கிறது. அடுத்த நோட்டிலும் மாமா பெயர்தான். மாமா செத்த பிறகு எழுதியதில், ‘காலஞ்சென்ற’ என்று அதே பெயருக்கு முன்னால் சேர்த்து, பின்னால் ‘மனைவி’ என்று முடித்திருக்கிறார்கள். அத்தையின் பெயரை எந்த நோட்டிலும் காணவில்லை.

*

லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1940-களின் முடிவில் இந்தப் பக்கத்துக்கு வந்து பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கினார். 1957-இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூலை வெளியிட்டார். அவர் சொன்னதில் ஒன்று என்னோடு தங்கிவிட்டது. தாய்மாமனை நாம் ரத்த உறவு என்று நினைக்கிறோம். அவர் வேறு பக்கமிருந்து பார்க்கச் சொன்னார்: முதலில் அவன் அப்பாவின் மைத்துனன். இரண்டு வீடுகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் கட்டிக்கொண்ட பந்தம், அடுத்த தலைமுறையில் தாய்மாமன் என்ற ஆளாக வந்து நிற்கிறது. சீர் அந்தப் பந்தத்தின் தொடர்ச்சி.

அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர் உறவு முழுவதும் இரண்டு அணி. ஒரு பக்கம் பங்காளி, மறுபக்கம் மாமன் மச்சான். வேலையும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பெண் சடங்கானால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டுவார், தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருவார். இழவு விழுந்தால் பங்காளிகளுக்குத் தீட்டு. அவர்கள் மொட்டை போடுவார்கள். செத்தது கட்டிக்கொடுத்த பெண் என்றால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து சேரும் வரை எடுக்க மாட்டார்கள். கருமாதியன்று உருமால் கட்டுவது மாமன் மச்சான் வேலை. ஒரு பக்கத்தார் செய்ய வேண்டியதை மறுபக்கத்தார் செய்ய முடியாது. ஒருவர் வராவிட்டால் காரியம் அப்படியே நிற்கும். தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், யாராவது பைக்கில் போய் அந்த ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள்.

வரப்புத் தகராறில் பல வருஷம் முகம் பார்க்காத இரண்டு பங்காளிகளை எனக்குத் தெரியும். ஒருவர் இறந்தபோது மற்றவர் வந்தார். யாரோடும் பேசவில்லை. நாவிதர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தார், மொட்டை போட்டுக்கொண்டார், எழுந்து குளிக்கப் போனார். அவருக்குத் துக்கம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இந்த அமைப்பின் பலமாக நான் நினைப்பது இதைத்தான். பிரியம் வரட்டும், பிறகு செய்கிறேன் என்று அது யாரையும் காத்திருக்க விடுவதில்லை. வேலையை முதலில் தந்துவிடுகிறது. செய்யச் செய்யச் சிலருக்குப் பிரியம் வருகிறது. வராதவர்களும் செய்துவிட்டுப் போகிறார்கள்.

*

புரட்டாசியில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பிள்ளை இல்லாதவர். மாமாவுக்குப் பிறகு ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர், வயது எழுதியானதும் நர்ஸ் கேட்டது ஒன்றுதான்: “கூட இருக்கப் போறது யாரு?”

உறவு என்று நாம் சொல்கிற எல்லாமும் அந்தக் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறது. அன்றிரவு அம்மா இருந்தார். அத்தைக்கு அவர் தம்பி பொண்டாட்டி. மறுநாள் சின்னம்மா. அதற்கு மறுநாள் அத்தையின் ஓரகத்தி. மாமா போன பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து குறைந்திருந்தது. இருந்தும் ஒரு கையில் பிளாஸ்க்கும் கக்கத்தில் பாயுமாக வந்து, “நீங்க போய்ப் படுங்க மதினி, நான் பாத்துக்கிறேன்” என்று அம்மாவை அனுப்பிவைத்தார்.

சின்னம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு காலத்தில் ஆகவே ஆகாது. வந்த புதிதில் நாத்தனார் சொன்ன சொல் ஒன்றைச் சின்னம்மா இன்றைக்கும் வரி மாறாமல் சொல்லுவார். அந்தச் சின்னம்மா அத்தைக்குத் தலை சீவியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருக்களிக்கக்கூட முடியாதவருக்குத் தலை வாருவது எளிதில்லை. இடது கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலில் எண்ணெய் தொட்டுச் சிக்கை நுனியிலிருந்து மேலாக எடுத்தார். சீப்பைக் கடைசியில்தான் தொட்டார். பிறகு நடு வகிடெடுத்து, காதுக்கு மேலே பக்கத்துக்கொன்றாக இரண்டு பின்னல். பின்னால் ஒற்றைச் சடை போட்டால் படுக்கையில் உறுத்தும் என்றார். இதை அவருக்கு யார் கற்றுக் கொடுத்திருப்பார்கள்? மாமியாரைக் கிடையில் வைத்துப் பார்த்தவர் அவர். அதற்கு முன் தன் அம்மாவை.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது. அதனால் அப்பாவும் சித்தப்பாவும் சாயங்காலத்தோடு கிளம்பிவிட்டார்கள் என்பது சரி. மாடிப்படி ஏறி ஆண்கள் வார்டு வரை ஒருநாள் நடந்தேன். அங்கே கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்ததும் பெரும்பாலும் பெண்கள்தான். மனைவி, மகள், மருமகள், ஒரு கட்டிலுக்கு அக்கா.

அந்த ராத்திரிகள் எந்த நோட்டிலும் ஏறவில்லை. பார்க்க வந்தவர்கள் தலையணைக்கு அடியில் வைத்துப் போன நூறு, இருநூறைச் சின்னம்மா ஒரு காகிதத்தில் பெயர் போட்டுக் குறித்து வைத்தார், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்று. தான் இருந்த ராத்திரிகளைக் குறிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

*

பத்திரப் பதிவு அலுவலகங்களில் தினமும் நடக்கும் காரியம் ஒன்று. அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளை அழைத்து வருகிறார்கள். வேன் பிடித்து, புதுச் சேலை எடுத்துக் கொடுத்து, ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து. விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். அக்கா விரலை அழுத்துகிறார், கையெழுத்துப் போடுகிறார்.

1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்பாவின் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்தது. வேண்டியதில்லை, மகள் பிறப்பிலேயே பங்குதாரர். சட்டம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பெண்ணின் கைக்குப் பக்கத்தில் பங்கை வைத்துவிட்டது. கை அதைத் தள்ளிவிடுகிறது.

ஏன் தள்ளுகிறார்கள் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். மகளுக்குச் சடங்கு வரும்போது ஓலை வெட்டி வர ஆள் இருக்காது. பொங்கலுக்குச் சீர் வராது. நாளைக்குத் தான் செத்தால் கோடி வராது. இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. புகுந்த வீட்டில் அடி விழுந்தால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் அவர்கள் பங்கைக் கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் விலையைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு பெண் பத்து வயதிலிருந்து சாகும் வரை வாங்குகிற அத்தனை சீரையும் கூட்டினாலும், ரோட்டோரத்துச் சில சென்ட் நிலத்துக்கு இன்று அது ஈடாகாது. சீர் கொண்டு வரும் அண்ணனை ஊரே பாராட்டுகிறது. பங்கை விட்டுக் கொடுத்த தங்கையை யாரும் பாராட்டுவதில்லை. அது இயல்பு என்று இருந்துவிடுகிறார்கள்.

தாத்தா இறந்த பிறகு அத்தையும் கையெழுத்துப் போட்டார்.

*

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் பெற்றவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புக்கு உத்தரவிடலாம். மகன், மகள், பேரன், பேத்தி எல்லாரும் பொறுப்பாளிகள். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை, ராத்திரி வார்டில் இருப்பது அவளேயானாலும்.

பிள்ளை இல்லாதவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய சொத்தை இப்போது வைத்திருக்கிற, அல்லது அவருக்குப் பின் அடையப்போகிற வாரிசு எவரோ அவர் பார்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கென்று இப்போது என்ன சொத்து இருக்கிறது? தன் பங்கை முறையாக, பதிவு செய்து, தம்பிகளுக்கு விட்டுக் கொடுத்தாயிற்று. அந்த நிலம் இனி அவருடையது இல்லை. அதனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அதை வைத்திருப்பவர்கள் அவருக்குப் பொறுப்பாளிகளும் இல்லை. கவனிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கி ஏமாற்றினால் பத்திரத்தை ரத்து செய்யவும் இந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான். அத்தை கையெழுத்துப் போட்டது அதற்கு வெகு முன்னால். நிபந்தனையும் எதுவும் இல்லை. தம்பிகளிடம் யார் நிபந்தனை போடுவார்கள்?

மற்றச் சட்டங்களிலும் உறவின் எல்லை இப்படித்தான் எங்கெங்கோ ஓடுகிறது. 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். தாத்தா பாட்டி, பேரன் பேத்தியைப் பின்னால் 2011-இல் சேர்த்தார்கள். சித்தப்பா மகன் தன் சிறுநீரகத்தைத் தர விரும்பினால் அங்கீகாரக் குழுவின் முன் போய் நின்று, பணத்துக்காகத் தரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க அந்தக் கெடுபிடி அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வருமான வரிச் சட்டம் இன்னும் விசித்திரம். அத்தை எனக்குப் பணம் கொடுத்தால் எவ்வளவானாலும் எனக்கு வரி இல்லை, ஏனென்றால் பெற்றோரின் உடன்பிறந்தவர் எனக்கு உறவினர். அதே பணத்தை நான் அத்தைக்குக் கொடுத்தால், வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது அது அவருடைய வருமானத்தில் சேரும். தம்பி மகள் அத்தைக்கு உறவினர் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. மேலிருந்து கீழே வரும் பணத்தை யோசித்தவர்கள், கீழிருந்து மேலே போக வேண்டிய காலம் வரும் என்று யோசிக்கவில்லை போலிருக்கிறது.

*

ஒரு மனக்கணக்கு. ஒவ்வொரு வீட்டிலும் நாலு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், என் அப்பாவுக்கு உடன்பிறந்தவர் மூவர், அம்மாவுக்கு மூவர். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், பெரியம்மா, சின்னம்மா என்று ஆறு பேர். அவர்களுக்கும் நாலு நாலு என்றால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மச்சான் மதினி எல்லாம் சேர்த்து இருபத்துநாலு பேர். வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் அதே கணக்கு இரண்டு பேருக்கும் நாலு பேருக்கும் இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு தலைமுறை போனால் இரண்டு வரியிலும் பூஜ்யம்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அம்மாச்சி பெற்றதையும் இழந்ததையும் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த உடம்பு பட்ட பாடு யாருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் உறவு கரைவதற்கு நகரத்தையும் செல்போனையும் சுயநலத்தையும் குற்றம் சொல்லும்போது இந்த எளிய கணக்கை மறந்துவிடுகிறோம். வராதவர்கள் பலர் மனம் மாறி வராமல் போகவில்லை. அவர்கள் பிறக்கவே இல்லை. அதேசமயம் ஆயுள் நீண்டிருக்கிறது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த பெண், ஒற்றைப் பிள்ளையைக் கட்டிக்கொண்டால், நாலு முதியவர்களுக்கு இரண்டு பேர். நடுவில் பிள்ளையில்லாத அத்தையோ கல்யாணமாகாத சித்தப்பாவோ இருந்தால் அவர்களும் அந்த இரண்டு பேர் கணக்கில்தான்.

*

எழுதாமல் விடக் கூடாத ஒன்று. தூக்கிவிட்ட கைகளே கழுத்தையும் நெரித்திருக்கின்றன. முறைப்பெண், முறைமாமன் என்று விருப்பமில்லாத எத்தனையோ பெண்களைக் கட்டி வைத்தது இதே உறவுதான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அது முதலும் இல்லை, கடைசியும் இல்லை. சாதிக்கு வெளியே போன மகளின் பெயரைப் பங்காளிக் கூட்டத்தில் உச்சரிக்கக்கூட விடாத வீடுகள் என் ஊரிலேயே உண்டு. மாமன் மச்சான் என்று நான் மேலே வியந்து எழுதியது அத்தனையும் ஒரே சாதிக்குள் சுற்றிய வட்டம். இந்த வட்டத்துக்குள் கிடைத்த பாதுகாப்பை, அதன் விளிம்பில் நின்றவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் எழுத எனக்கு உரிமை இல்லை. உறவு வேண்டும் என்று நான் சொல்வது இந்த வேலியையும் சேர்த்து வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது.

*

கார்த்திகையில் குலதெய்வம் கோவிலில் ஒரு காதுகுத்து. பிள்ளையின் அம்மா வீட்டுக்கு ஒரே மகள். தாய்மாமன் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வழக்கம் கைவிடுவதில்லை. அப்பாவின் அண்ணன் மகனும் அண்ணன்தான், பெரியம்மா மகனும் அண்ணன்தான்; யாராவது ஒருவர் வந்து உட்காருவார். இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. பெரியப்பாவுக்கும் ஒரே மகள். அந்த அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர்.

பெரியவர்கள் மரத்தடியில் கூடிப் பேசினார்கள். தூரத்து முறையில் ஒரு மாமனைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். பிள்ளைக்கு அந்த ஆளை யாரென்றே தெரியாது. பிறந்ததிலிருந்து வந்து போய்க்கொண்டிருப்பது பெரியம்மா முறையான அந்த அக்காதான். “நானே உக்கார்றேன்” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆசாரி, நேரமாகிறது என்று கம்பியை எடுத்தார். அக்கா மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். பிள்ளை கத்தியது, அவர் தோளைக் கடித்தது. மடியில் உட்காரவைத்தவர் செய்ய வேண்டிய சீரில் எதையும் அவர் குறைக்கவில்லை: சட்டை, செயின், கிடா, பழத்தட்டு. மொய் எழுதுகிறவர் முதல் வரியில் அவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அக்கா தன் பெயரைச் சொன்னார், அப்பா எழுத்தோடு. அவர் ஒரு நிமிஷம் தயங்கி எழுதிக்கொண்டார். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் மாலையும் அவர்தான் கொண்டு வர வேண்டும். வருவார் என்றே நினைக்கிறேன்.

*

அத்தை இப்போது வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்கிறார். எங்கள் வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கே மூட்டுவலி. வீட்டோடு ஆள் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. பகலுக்கு வைத்தாலும் ராத்திரி எழுப்பி உட்காரவைக்க, ஒன்றுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் கூடவே படுக்க வேண்டும். அம்மா படுக்கிறார். ஐப்பசியிலிருந்து அம்மாதான்.

பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தபோது சாப்பிட்ட பிறகு நான் பேசினேன். தாத்தா நிலம் இன்றைக்கு யார் யார் கையில் இருக்கிறதோ அந்த வீடுகளில் அத்தை முறைவைத்து இருக்கட்டும், வீட்டுக்கு இரண்டு மாதம். பணமாக அனுப்பினால் போதாது, ஆள் வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ராத்திரி கூடப் படுப்பது மருமகள் வேலை என்று ஆக வேண்டாம். அத்தையைப் பிடித்துத் தூக்கிவிடத் தம்பி மகன்களுக்கு என்ன கூச்சம்? அவர்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர்தானே. எந்த மாதம் யார் வீடு, யார் கூட இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம், எழுதாததால்தான் இது யார் கண்ணிலும் படவில்லை என்றும் சொன்னேன். சித்தப்பா முகம் சுருங்கியது. “அக்காவுக்குச் சோறு போடறதுக்கெல்லாம் நோட்டு போடுவியாம்மா?” என்றார். “மொய்க்குப் போடுறமே சித்தப்பா” என்றேன். சின்னம்மா சிரிக்கவில்லை, எழுந்து போய் அடுப்படியில் மாட்டியிருந்த காலண்டரைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

அத்தை உள்ளே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன்னைப் பங்கு போடுவதுபோல அவருக்கு வலித்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பிறகு தனியாக அவரிடம் கேட்டேன், எங்கே இருக்க விருப்பம் என்று. எங்கே இருந்தாலும் ஜன்னலோரம் கட்டில் போட்டால் போதும் என்றார். பிறகு, சின்னத் தம்பி வீட்டுக்கு முதலில் போகிறேன், அங்கே கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றார்.

மாசியும் பங்குனியும் சித்தப்பா வீடு என்று முடிவாகியிருக்கிறது. கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் அவர் மகன், ராத்திரி தானே கூடப் படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். எப்படித் தூக்குவது என்று சின்னம்மாவிடம் கேட்டுப் பழகுகிறான். சித்திரை, வைகாசி பெரியப்பா மகன் முறை. அவர் மதுரையில் வாடகை வீட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் சொல்லவில்லை. மாசி பிறப்பதற்குள் மறுபடி கேட்க வேண்டும்.